ஏழாம் பக்கம்

1

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தேர்தல் வந்துவிட்டால் நம் வீட்டுக் கூடம் எப்படி ஆகிவிடும் என்று உனக்குத் தெரியாதா? மாமாவின் ஆட்கள் நாலு பேர் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரே பேப்பரை நாலாகப் பிரித்துப் படிக்கிறார்கள். நான் தும்மினால்கூட மந்திரி வீட்டுக்குச் செய்தி போய்விடும். அதனால் சமையலறை மேடையில் வைத்து எழுதுகிறேன். தபாலிலும் நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

போன வியாழக்கிழமை கமா வந்திருந்தார். மாமாவிடம் ஆரம்பத்தில் தட்டச்சராக இருந்தாரே, அவர்தான். மூன்று வார்த்தைக்கு ஒரு கமா போடுகிறார் என்று உன் அப்பா வைத்த பெயர் அது. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்ததும், உள்ளே வந்து பேசலாமா என்று கேட்டார். சமையலறையில் ஸ்டூல் போட்டேன். காப்பியைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேடைமேல் வைத்தார். உள்ளே ஒரே ஒரு தாள்.

உனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் என்ன நடந்தது என்று பாதிதான் தெரியும். முழுவதையும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இந்தத் தொகுதியைக் கட்சி உன் அப்பாவுக்குத்தான் கொடுத்தது. பதினைந்து வருடம் பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் நின்றுகொண்டே சங்கம் நடத்தி, சுவரெழுத்து எழுதி, இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய்வந்த மனிதர். கட்சி வேட்பாளர் மனு தள்ளுபடியானால் தொகுதி கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக, கூடவே மாற்று வேட்பாளர் என்று ஒருவரும் மனுப் போடுவார். யாரைப் போடலாம் என்று கேட்டபோது உன் அப்பா யோசிக்கவே இல்லை. "நம்ம வீட்டுப் பையனைப் போட்டா போச்சு" என்று என் தம்பியின் பெயரைச் சொன்னார். படிவம் நிரப்பியது உன் மாமா. தட்டச்சு செய்தது கமா. கட்சி அலுவலக மாடியில் உட்கார்ந்து உன் அப்பா பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். கெடு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஊர்வலமாகப் போய் மனுவைக் கொடுத்தார்கள்.

மறுநாள் பரிசீலனை. தேர்தல் அலுவலர் உறுதிமொழிப் பத்திரத்தின் ஏழாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்து இல்லை. மனு தள்ளுபடி. மாற்று வேட்பாளர் கட்சி வேட்பாளர் ஆனார்.

கமா கொண்டுவந்து வைத்தது அந்த ஏழாம் பக்கம். "மேலே கூறியவை யாவும் உண்மை, எதையும் மறைக்கவில்லை" என்று முடியும் பக்கம். அடியில் உன் அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்தை இழுத்து அதன் கீழே ஒரு கோடு போடுவாரே, அந்தக் கோடுகூட அப்படியே இருந்தது.

"உங்க தம்பிதான் ஏழாம் பக்கத்தை மட்டும் ரெண்டு தடவை அடிக்கச் சொன்னார்மா. ஐயா கையெழுத்துப் போட்டுட்டுக் கீழ இறங்கினதும் இதை உருவிட்டு வெறும் பக்கத்தை வெச்சுத் தைக்கச் சொன்னார். இதைக் கிழிச்சுப் போடுன்னார். நான் கிழிக்கல. பெரிய மனசெல்லாம் இல்லம்மா. நாளைக்கு என் தலையில கட்டிட்டா காட்ட ஒண்ணு வேணுமேன்னு வெச்சிருந்தேன்" என்றார். அடுத்த வருடமே அவருக்கு அரசு வேலை நிரந்தரமானது. வாயைத் திறக்கவில்லை. இப்போது ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "போன வாரம் டிவில அந்த ஜோக்கை மறுபடி சொன்னார். என் மருமக விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குச் சோறு இறங்கல" என்றார்.

எந்த ஜோக் என்று உனக்கே தெரியும். இருபத்தாறு வருடமாக எந்த மேடை ஏறினாலும் உன் மாமா முதலில் சொல்வது அதுதான். "என் மச்சான் ஒரு கையெழுத்துப் போட மறந்தார். இன்னைக்கு நான் ஒரு நாளைக்கு ஆயிரம் கையெழுத்துப் போடுறேன்!" கூட்டம் சிரிக்கும். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் உன் அப்பாவும் தோள் குலுங்கச் சிரிப்பார். அந்த முதல் தேர்தலிலேயே மச்சானுக்காகத் தெருத் தெருவாகப் போய், "நான் மறந்துட்டேன், நீங்க மறந்துடாதீங்க" என்று தன்னையே கேலி செய்து ஓட்டுக் கேட்ட மனிதர் அல்லவா.

சிரித்தாரே தவிர அதற்குப் பிறகு தன்னை அவர் நம்பவே இல்லை. வேலைக்குக் கிளம்பிப் போய், தெருமுனை டீக்கடையிலிருந்து போன் செய்து, கேஸை மூடினேனா பார் என்பார். உன் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நீ பையில் வைத்த பிறகும் இரண்டு தடவை வெளியே எடுத்துப் பார்ப்பார். நீ எரிச்சல்படுவாய். சங்கத்துச் செயலாளர் பதவியையும் அவரே விட்டார். "மறதிக்காரன் கையில எதுக்கு இத்தனை பேர் பொழப்பு" என்றார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்கள். போட்டுவிட்டு என் பக்கம் நீட்டி, "சரியாப் போட்டேனா பாரு" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

மறக்கவில்லை, மகளே. உன் அப்பா எதையுமே மறக்கவில்லை.

உன் மாமா ஒன்றும் செய்யாத மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் தடவை வெறும் உறுப்பினர். இரண்டாம் தடவை கைத்தொழிலுக்குத் துணை மந்திரி. பிறகு ஒரு புதன்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கட்சி மாறினார். சாயந்திரத்துக்குள் வாசலில் கொடி மாறிவிட்டது. அதற்குக் கூலியாகப் பத்திரப் பதிவுத் துறை. நான் அதே துறையில் குமாஸ்தா. நான் உள்ளே நுழைந்தால் அலுவலகமே எழுந்து நின்றது. மின்விசிறிக்கு நேர் கீழே மேசை போட்டுக் கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் உட்கார்ந்தேன். அப்புறம் பொதுப்பணி, இப்போது வருவாய். மேம்பாலம் அவர் கட்டியதுதான். குடிநீர்க் குழாய் அவர் கொண்டுவந்ததுதான். ஒரு தடவை பார்த்தவர் பெயரைப் பத்து வருடம் கழித்தும் சொல்லிக் கூப்பிடுவார். எல்லாம் சரி. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஒரு தாள் கிடக்கிறது.

கமா வந்துபோன மூன்றாம் நாள் உன் மாமா வந்தார். மாவட்டச் செயலாளர், மீசை என்று எல்லோரும் கூப்பிடுவோமே, அவன்மேல் அவருக்குச் சந்தேகமாம், எதிர்க்கட்சியோடு பேசிக்கொண்டிருக்கிறானாம். "மாற்று வேட்பாளரா இந்தத் தடவை நீ போடுக்கா. முதுகுல குத்துறவன் எப்பவும் அந்த நாற்காலியிலதான் உக்காந்திருப்பான். உன்னை விட்டா எனக்கு யாரு?" என்றார். சொல்லும்போது கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. அதைப் பார்த்துத்தான் எனக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது.

சரிடா, போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். முப்பத்தொரு வருடம் பத்திரங்களோடு வாழ்ந்தவள் நான். ஒரு தாளால் ஒரு மனிதனை எப்படிச் சாய்க்கலாம் என்பது எனக்கும் தெரியும். பதில் போடு. பேத்திக்கு என் முத்தம். நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா


2

அன்புள்ள மகளுக்கு,

கூரியரில் நீ அனுப்பிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் புதன்கிழமை. ஆகவே நீ வேண்டாம் என்று சொன்னதைப் படித்துவிட்டுத்தான் செய்தேன். தபால் தாமதமானது, தெரியாமல் நடந்துவிட்டது என்று பொய் சொல்ல மனமில்லை.

நீ எழுதியதில் நியாயம் இருக்கிறது. உன்னைக் கல்லூரியில் சேர்க்க மாமா இரண்டு நாள் முதல்வர் அறை வாசலில் காத்திருந்தார், நிஜம்தான். உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கூட்டத்தை ரத்து செய்துவிட்டு வந்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அதுவும் நிஜம். அவர் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறார். அப்பாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டதை மகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாரோ என்று இப்போது தோன்றுகிறது. நீ அப்படி நினைக்காதே. எனக்குத்தான் எதைப் பார்த்தாலும் இப்போது அப்படித் தெரிகிறது.

அந்தத் தாளைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடு, பழிவாங்க வேண்டாம், உண்மை வெளியே வரட்டும் என்று எழுதியிருந்தாய். கண்ணு, உன் மாமா எப்பேர்ப்பட்டவர் என்று நீ அறியமாட்டாய். போலிக் கையெழுத்து என்பார். எதிர்க்கட்சிச் சதி என்பார். நிருபர்களைக் கூப்பிட்டு உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று கதறுவார். அழுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கமாவை ஒரே நாளில் பைத்தியக்காரன் ஆக்கிவிடுவார்கள். ஒரு வாரத்தில் அனுதாபம் மொத்தமும் அவர் பக்கம் வந்து நிற்கும். உண்மை வெளியே வந்தால் ஜெயிக்கும் என்று பத்திர ஆபீஸில் வேலை பார்த்த யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு மாமா வீட்டுக்கு வந்தார். அவருடைய எல்லா மனுவையும் நான்தானே பார்த்துக் கொடுப்பது, இரண்டாவது தேர்தலிலிருந்து அப்படித்தான். வக்கீல் ஒரு தடவை பார்க்கிறேன் என்று கை நீட்டினார். "அக்கா பார்த்தா எமனே வந்தாலும் குறை சொல்ல முடியாது, நீங்க காப்பி குடிங்க" என்றார் மாமா. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். இடது கையில் போன், வலது கையில் பேனா. தலைவரின் உதவியாளரோடு பேசிக்கொண்டே, நான் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். பக்கத்தைப் பார்க்கவே இல்லை. என் விரலைத்தான் பார்த்தார்.

ஆறாம் பக்கம் முடிந்தது. அடுத்து எட்டாம் பக்கம் வந்தது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு புரண்டுவிட்டது என்று நாளைக்கு யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். புரளவில்லை. புரட்டினேன்.

"முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டார். "முடிஞ்சுதுடா" என்றேன். தைத்து, உறையில் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தேன். என் மனுவையும் அதே மேசையில் முடித்தேன். என்னுடையதில் ஏழாம் பக்கத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்து இருக்கிறது, ஒன்று அதிகப்படி.

வழக்கம்போல ஊர்வலம். வழக்கம்போலக் கெடு முடியும் நேரத்துக்குத்தான் உள்ளே போனோம். உன் மாமாவுக்குக் கடைசி நிமிடத்தில் நுழைந்தால்தான் திருப்தி, டிவிக்காரர்கள் எல்லோரும் கூடியிருப்பார்கள். தேர்தல் அலுவலர் ஒரு பெண், கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரி. வாங்கி முத்திரை குத்தினாள். மணி மூன்று. கதவைச் சாத்தினார்கள்.

நேற்றுப் பரிசீலனை. மாமா போகவில்லை, வக்கீலை அனுப்பியிருந்தார். மந்திரி மனுவை யார் தள்ளுவார் என்ற தைரியம். ஆனால் எதிர்க்கட்சி வக்கீல் ஒவ்வொரு தாளாகப் புரட்டியிருக்கிறார். அந்தப் பெண் அரை மணி நேரம் மேலே கீழே போன் பேசிவிட்டு, விதி விதிதான் என்று தள்ளுபடி செய்துவிட்டாள். அவளை நினைத்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு மாமாவின் கார் வாசலில் வந்து நின்றது. கூடத்தில் இருந்த நாலு பேரையும் வெளியே போகச் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். நான் அழ வேண்டும், எப்படி நடந்ததென்றே தெரியவில்லையே தம்பி என்று சொல்ல வேண்டும், எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. உன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லை என்றுதான் வக்கீல் போனில் சொல்லியிருக்கிறார்.

"எத்தனாவது பக்கம்க்கா?" என்றார்.

"ஏழு" என்றேன்.

அவ்வளவுதான். முகத்தில் ரத்தமே இல்லை. என் தம்பி எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும், கவனக்குறைவு என்று நினைத்திருப்பார்கள். செய்தவனுக்கு மட்டும்தான் அந்த எண் புரியும்.

நான் உள்ளே போய் அந்தத் தாளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். பறித்துக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். தொடக்கூட இல்லை. "கமாவா?" என்றார். தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு எனக்கு முப்பத்திரண்டு வயசுக்கா. மச்சான் ஜெயிச்சிருந்தா சாகுற வரைக்கும் அவருக்குப் பின்னாடி மைக் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பேன்."

"அவர் உனக்குப் பின்னாடி நின்னாரே. சாகுற வரைக்கும்" என்றேன்.

எழுந்து போய்விட்டார். வாசலில் நிருபர்கள் சூழ்ந்துகொண்டதும் சிரித்துக்கொண்டே, "எங்க அக்காவும் நானும் வேற வேற இல்ல, கட்சி ஜெயிக்கும்" என்று சொன்னதை டிவியில் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்கு மட்டும் ஒரு கும்பிடு போடலாம்.

நேற்று நன்றாகச் சாப்பிட்டேன் மகளே, இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு. உன்னிடம் மறைப்பானேன். பட்டறைக் கேட் வரைக்கும் நடந்து போனேன். உன் அப்பா வேலை முடிந்து வெளியே வரும் அந்தச் சின்னக் கதவுக்கு எதிரே நின்றுவிட்டு வந்தேன்.

என்மேல் கோபப்படு. ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. பேத்தியின் பல் முளைத்துவிட்டதா? என் ஆயுசில் பாதியை அவளுக்குக் கொடுக்கட்டும் கடவுள்.

அம்மா


3

அன்புள்ள மகளுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். எல்லோரும் நலம், அவள் வேலையில் இருக்கிறாள் என்று மரியாதையாகச் சொல்கிறார். இனியும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு விஷயத்தை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

நான் ஜெயித்துவிட்டேன், நீ செய்தியில் பார்த்திருப்பாய். பதினோராயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். ஜெயிக்க வைத்தது உன் மாமா.

சத்தியமாகச் சொல்கிறேன், அவரைப்போல உழைத்த ஒருவரை நான் பார்த்ததில்லை. மூன்று வாரம், காலை ஏழு மணிக்கெல்லாம் ஜீப்பில் ஏறிவிடுவார். நான் பக்கத்தில் கும்பிட்டபடி நிற்பேன், அவர்தான் பேசுவார். போகிற இடமெல்லாம் ஒரே கேலி. மீன் விற்கும் ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "ஏன் மந்திரி, ஆயிரம் கையெழுத்துப் போடுவீங்களே, ஒண்ணு கொறஞ்சுபோச்சாமே!" என்று கத்தினாள். தெருவே சிரித்தது. உன் மாமாவும் சிரித்தார். "எங்க குடும்ப வியாதிம்மா அது. அதான் அக்காவைக் கூட்டிட்டு வந்திருக்கேன், அவங்களுக்கு மட்டும் மறதியே கிடையாது" என்றார். அந்த ஜீப்பில் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தேன். விரல் வெளுத்திருந்தது.

இதைத்தானே நான் ஆசைப்பட்டேன்? உன் அப்பா நின்ற இடத்தில் அவர் நிற்க வேண்டும், உன் அப்பா சிரித்த மாதிரி அவர் சிரிக்க வேண்டும். அப்படியே நடந்தது, ஒரு துளி குறையவில்லை. பாவம் தீர்க்கிறாரா, ஆறு மாதத்தில் என்னை ராஜினாமா செய்ய வைத்து இடைத்தேர்தலில் வந்துவிடலாம் என்று திட்டம் வைத்திருக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. எங்களுக்குள் இப்போது "தண்ணி வேணுமாக்கா", "வேண்டாம்டா" என்பதைத் தாண்டிப் பேச்சே கிடையாது.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன்.

அன்று மாமா எழுந்து உடனே போய்விடவில்லை. கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்றார். "மச்சானுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டார். மந்திரி மாதிரி கேட்கவில்லை. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, அப்பாவுக்குத் தெரியுமாக்கா என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேட்பானே, அந்தக் குரல். இருபத்தாறு வருடமாக அவர் பயந்துகொண்டிருந்தது அந்த ஒன்றுக்குத்தான் என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. பதவி போனதெல்லாம் அவருக்குப் பெரிய அடி இல்லை. இன்னொரு பதவி வாங்கிக்கொள்வார்.

உன் அப்பாவுக்குத் தெரியாது. தான் மறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு செத்தார். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

நான் சொன்னேன்: "தெரியும். அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் நீ ஒவ்வொரு தடவை அந்த ஜோக்கைச் சொல்றப்பவும் உனக்காகச் சிரிச்சார்."

கதவில் சாய்ந்துகொண்டார். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அழுகையில் அவருக்கு எத்தனை வகை உண்டு என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிருபர்களிடம் போய்ச் சிரித்தது.

ஏழாம் பக்கத்தில் நான் செய்தது அவர் செய்ததைத்தான். அவர் விதைத்தது. இந்தப் பொய் அப்படி இல்லை. இது என் சொந்தச் சரக்கு. யாரும் சொல்லித்தரவில்லை, முன்கூட்டி யோசிக்கவும் இல்லை. கேட்ட மாத்திரத்தில் நாக்கில் வந்து நின்றது. அத்தனை நாள் எனக்குள்ளே எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

போன வாரம் மாமா வீட்டிலிருந்து உன் அத்தை போன் செய்தாள். "அண்ணி, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. நீங்க வந்து பாருங்க" என்றாள். என்ன என்று கேட்டேன். கட்சி அலுவலகத்திலிருந்து பழைய கூட்டங்களின் வீடியோ எல்லாவற்றையும் வரவழைத்திருக்கிறாராம். இருபது வருடத்து வீடியோ. காலையில் காப்பியைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் மதியம் சாப்பிடக் கூப்பிடுகிற வரைக்கும் அதையே பார்க்கிறாராம். தன் பேச்சு வரும்போது சத்தத்தை நிறுத்திவிடுகிறார். இரண்டாவது வரிசையைக் காட்டுகிற இடத்தில் நிறுத்தி வைக்கிறார். உன் அப்பா சிரிக்கிற முகம். பின்னால் தள்ளி மறுபடியும் போடுகிறார். டிவிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி பார்க்கிறாராம். "அண்ணன் சிரிப்புல என்னத்தைங்க தேடுறீங்கன்னு கேட்டா, கண்ணைப் பாரு, கண்ணு சிரிக்குதான்னு பாருங்கிறார். நான் என்னத்தைன்னு சொல்றது?" என்று அழுதாள்.

வருகிறேன் என்றேன். போகவில்லை.

ஒரு தடவை வண்டியில் அவர் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். டிரைவரிடம் தலைவலி என்றேன். எனக்கு இப்போது டிரைவர் இருக்கிறார், வண்டி இருக்கிறது, வாசலில் போலீஸ்காரர் ஒருவர் நிற்கிறார். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் அதே நாலு பேர்தான், என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். தலைவர் கூப்பிட்டுப் பேசினார். வெள்ளிக்கிழமை பதவியேற்பு, எனக்கும் ஒரு துறை உண்டாம். இந்த மாவட்டத்துக்கு எப்போதும் ஒரு மந்திரி இருந்திருக்கிறார், அதை விட முடியாதாம். மீசை பூங்கொத்தோடு வந்து, "அம்மா, அண்ணனைவிட நீங்க ரொம்பத் தெளிவு" என்றான். சரியான ஆள்தான் அவன். உன் மாமா சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை.

நீ மாமாவுக்கு எழுதுவதாக அத்தை சொன்னாள். வாரம் ஒரு கடிதமாம், பேத்தியின் படத்தோடு. எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிறுத்தாதே, எழுது. அவருக்கு இப்போது அதுதான் மூச்சு.

இதற்காகத்தான் இந்தக் கடிதம். என் வாயால் அவரிடம் உண்மையைச் சொல்ல என்னால் முடியாது. முயற்சி செய்து பார்த்துவிட்டேன். போனைக் கையில் எடுத்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த மனிதர் வந்து நிற்கிறார், போனை வைத்துவிடுகிறேன். உனக்கு மனம் வந்தால் நீ எழுது. "அப்பாவுக்குத் தெரியாது மாமா, அம்மா சொன்னது பொய்" என்று ஒரு வரி போதும். உன் கையெழுத்தைப் பார்த்தால் நம்புவார், நான் சொன்னால் இனி நம்பமாட்டார். எழுதக் கூடாது என்று நான் உன்னைத் தடுக்கவில்லை. எழுதினாய் என்று தெரிந்தால் கோபித்துக்கொள்ளவும் மாட்டேன்.

ஆனால் அவசரமில்லை, கண்ணு. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பேத்திக்கு என் பெயரைச் சொல்லிக்கொடு. நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் வாழ வேண்டும்.

அம்மா